கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குளம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் நெம்மேலி வரும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். இரண்டு உப்பு நீர்களுக்கு நடுவே கிடக்கும் மணற்பாங்கான ஊர் இது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2013ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் வகையில் அமைந்த அந்த ஆலைதான் இன்று நெம்மேலி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆலை வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்தால் இக்கடற்கரை ஊர்களின் பள்ளங்களிலும் குட்டைகளிலும் நன்னீர் தேங்குவது வழக்கம். தேங்கிய நீரில் பாசி படரும். பாசிக்கிடையே சிறு கெண்டைகள் துள்ளும்.

அந்தக் கெண்டைகளைத் துண்டை விரித்துப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வீட்டுத் திண்ணையில் வைத்து வேடிக்கை பார்க்காத பிள்ளைகள் உண்டா? முதல் நாள் மீன்கள் சுறுசுறுப்பாக நீந்தும். மறுநாள் காலையில் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்றாம் நாள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். நம்மில் பலர் சிறு வயதில் கண்டு வருந்திய காட்சிதான் இது.

குட்டையில் அதே மீன் மாதக்கணக்கில் வாழ்கிறது. அங்கே யாரும் தண்ணீரை மாற்றுவதில்லை; காற்றை ஊதுவதில்லை. அப்படியிருக்க, பாட்டிலில் மட்டும் மீன் ஏன் இறந்தது? சிறு பிள்ளையும் கேட்கும் இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விடையும் ஒரே தவணையில் கிடைத்துவிடவில்லை. ஒருவர் வெயிலைக் கண்டார். ஒருவர் நத்தையைக் கண்டார். ஒருவர் கண்ணுக்கே தெரியாத உயிர்களைக் கண்டார். அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

தங்கமீனும் தினசரித் தண்ணீரும்

அழகுக்காக மீன் வளர்க்கும் கலையில் சீனர்களே முன்னோடிகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சுங் அரச மரபினர் காலத்தில், கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு மீனில் இயல்பாகத் தோன்றிய பொன்னிற வகையைத் தேர்ந்தெடுத்துக் குளங்களில் வளர்த்தார்கள். அதுவே தங்கமீன். பின்னர் அது பீங்கான் தொட்டிகளில் ஏறி வீட்டுக்குள் வந்தது; பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் எட்டியது. 1665ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், கண்ணாடிப் பாத்திரத்து நீரில் வைத்து வளர்க்கப்பட்ட மீன்களைக் கண்டு வியந்ததாகச் சாமுவேல் பீப்ஸ் என்பவர் தமது புகழ்பெற்ற நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் அக்காலத்தில் மீன் வளர்ப்பு என்றால் தண்ணீர் மாற்றுவது என்றே பொருள். வேலையாள் அடிக்கடி பாத்திரத்தைக் காலி செய்து புது நீர் ஊற்ற வேண்டும்; இல்லாவிட்டால் மீன் இறந்துவிடும். தேங்கிய நீர் ஏன் கெடுகிறது, புது நீர் எதைக் கொண்டுவருகிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. காற்றிலேயே பல வகை வாயுக்கள் இருக்கின்றன என்பது அப்போது தெரியாது.

வெயிலில் எழுந்த குமிழிகள்

1771ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஓர் எளிய சோதனை செய்தார். மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் மெழுகுவத்தியை எரித்தார். சிறிது நேரத்தில் அது அணைந்தது. அந்தக் கெட்ட காற்றுக்குள் புதினாச் செடியின் கிளை ஒன்றை வைத்தார். சில நாட்களுக்குப் பின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது! விலங்குகளும் நெருப்பும் கெடுக்கும் காற்றைச் செடிகள் சீர்படுத்துகின்றன என்று அவர் முடிவு செய்தார். ஆயினும் அவருடைய சோதனை சில வேளை வெற்றி பெற்றது. சில வேளை தோற்றது. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை.

காரணத்தைக் கண்டவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால் அவற்றிலிருந்து குமிழிகள் எழுந்தன; நிழலில் வைத்தால் நின்றன. பச்சைப் பகுதிகளே குமிழி விட்டன. இருளில் செடியும் விலங்கைப் போலவே காற்றைக் கெடுத்தது. ஆக, செடி மட்டும் போதாது, ஒளியும் வேண்டும்.

பள்ளியில் உயிரியல் படித்த எவரும் இச்சோதனையை மறந்திருக்க முடியாது. முகவையில் நீர், நீருக்குள் வேலம்பாசி என்னும் ஹைட்ரில்லா, அதன் மேல் கவிழ்த்த புனல், புனலின் மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் எழுந்து குழாயின் மேற்பகுதியில் சேரும். கனன்றுகொண்டிருக்கும் குச்சியை அதற்குள் நுழைத்தால் குப்பென்று எரியும். அந்த வாயுதான் பிராணவாயு எனப்படும் ஆக்ஸிஜன். அந்த முகவைக்குள் ஒரு மீனை விட்டிருந்தால், அதுவே உலகின் மிகச் சிறிய மீன் தொட்டி ஆகியிருக்கும். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். பாசி வெளிவிடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும்.

இந்த எண்ணம் எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் இங்கன்ஹவுஸ் குமிழிகளைக் கண்ட பின் எழுபது ஆண்டுகள் கழித்தே ஒருவர் இதைக் கண்ணாடித் தொட்டியில் முறையாகச் செய்து பார்த்தார்.

வாரிங்டனின் நத்தைகள்

இடையில் ஒரு பெண்மணியைக் குறிப்பிட வேண்டும். பிரான்ஸில் பிறந்து இத்தாலியின் சிசிலித் தீவில் வாழ்ந்த ஷான் வில்ப்ரே-பவர், 1832ஆம் ஆண்டளவில், கடல் உயிர்களை உயிரோடு வைத்து ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்தார். காகித நாட்டிலஸ் என்னும் எண்கால் உயிரி தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, பிற உயிரிடமிருந்து திருடுகிறதா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. தொட்டியில் வளர்த்துப் பார்த்து, தானே உண்டாக்குகிறது என்று அவர் நிறுவினார். கண்ணாடித் தொட்டி வேடிக்கைப் பொருள் மட்டுமன்று, ஆராய்ச்சிக் கருவி என்பதற்கு இதுவே முதற்சான்று.

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிவாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1849இல், லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் ஒரு கண்ணாடிக் கலத்தில் நீர் நிரப்பினார். அடியில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீண்ட இலைகளையுடைய நீர்ச்செடியை நட்டார். இரண்டு தங்கமீன்களை விட்டார். நீரை மாற்றாமல் காத்திருந்தார்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. குளத்தில் இலை அழுகவில்லையா, அங்கே நீர் ஏன் கெடவில்லை என்று வாரிங்டன் எண்ணிப் பார்த்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளையும் பாசியையும் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இந்தச் சோதனையை 1850ஆம் ஆண்டு வேதியியல் கழகத்துக்கு அவர் அறிவித்தார். பின் நடந்தவை வேகமாக நடந்தன. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்கள் காண மீன் கூடம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை ஊரறியச் செய்தது. இங்கிலாந்தின் வசதி படைத்த வீடுகளில் எல்லாம் கண்ணாடித் தொட்டி இடம் பிடித்தது.

காற்றைக் குடிக்கும் மீன்கள்

குளிர் நாட்டில் பிறந்த இந்த முறை வெப்ப நாட்டு மீன்களுக்கு உடனே பொருந்தவில்லை. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயு உண்டு. நீரில் வாழும் மீன் எவ்வளவு வறுமையில் மூச்சு விடுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும். நமது ஹார்லிக்ஸ் பாட்டிலின் குறுகிய வாய் வழியே காற்று கரைவதும் மெதுவாகத்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

கோடையில் வற்றும் நமது குளத்து மீன்கள் சில இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. அவை நேரே காற்றைச் சுவாசிக்கும். விரால் மீனைச் சிறிது நீரில் வைத்துச் சந்தையில் உயிரோடு விற்பது இதனால்தான். இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது நம்முடைய பனையேறிக் கெண்டை. சோழமண்டலக் கடற்கரையில் தரங்கம்பாடி அக்காலத்தில் டேனிஷ்காரர்களின் குடியிருப்பாக இருந்தது. அங்கே பணிபுரிந்த டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி, 1791ஆம் ஆண்டு, குளத்தங்கரைப் பனைமரம் ஒன்றின் வெடிப்பில் இம்மீன் நிலத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் கழக இதழில் அது வெளிவந்ததும் அறிஞரிடையே பெரும் விவாதம் எழுந்தது. மீன் உண்மையில் மரம் ஏறுமா என்பதை ஐயுற்றவர் பலர். ஆனால் நீரை விட்டு வந்து, செவுள் மூடியின் முட்களை ஊன்றி நிலத்தில் நடக்கும் என்பதும், செவுளுக்கு மேலுள்ள மடிப்பான ஓர் உறுப்பால் காற்றைச் சுவாசிக்கும் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை.

இதே உறுப்பைப் பெற்ற இன்னொரு மீன்தான் வெப்ப நாட்டு மீன் வளர்ப்புக்குக் கதவைத் திறந்தது. 1869ஆம் ஆண்டு சீனாவிலிருந்து ‘சொர்க்க மீன்’ எனப்படும் வண்ணமீன்கள் பாரிஸ் நகருக்கு வந்து சேர்ந்தன. கார்போன்யே என்பவர் அவற்றைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்தார். நீண்ட கப்பல் பயணத்தில் தேங்கிய நீரில் அவை பிழைத்திருந்ததற்குக் காரணம், காற்றைச் சுவாசிக்கும் திறனே.

கண்ணுக்குத் தெரியாத நான்காவது கூட்டாளி

வாரிங்டனின் மூவர் கூட்டணியில் ஒரு குறை இருந்தது. அவர் சொன்னபடியே செடியும் நத்தையும் மீனும் வைத்த பலருடைய தொட்டிகளில், நீர் தெளிவாக இருக்கும்போதே முதல் சில வாரங்களில் மீன்கள் மடிந்தன. தப்பிப் பிழைத்த தொட்டியோ பிறகு ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. புதுத் தொட்டிக்கும் பழந்தொட்டிக்கும் என்ன வேற்றுமை?

மீன் தன் செவுள்கள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. இது மீனுக்கு நஞ்சு. இந்த நஞ்சு எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை, மீன் தொட்டியிலிருந்து அல்ல, சாக்கடை நீரிலிருந்து கிடைத்தது! 1877இல் பிரான்ஸில் ஷ்லோஸிங், மியுன்ட்ஸ் என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டார்கள். முதல் இருபது நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் இம்மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்தால் நிற்பது உயிரின் செயலாகத்தானே இருக்க வேண்டும்? 1890இல் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அவையே நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள்.

ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும்; இதன் கேடு மிகக் குறைவு. நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். இரு படிகளையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியாது என்றே நூறாண்டுகளுக்கு மேலாகக் கருதி வந்தார்கள். 2015ஆம் ஆண்டு அக்கருத்தும் மாறியது. இரு படிகளையும் தானே முடிக்கும் பாக்டீரியாவை இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் கண்டறிந்தன. அவற்றுள் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது, மீன் வளர்ப்புத் தொட்டி நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியில்!

ஷ்லோஸிங் காத்திருந்த இருபது நாட்களை நினைவில் வையுங்கள். பாக்டீரியாக்கள் மணலிலும் கண்ணாடியிலும் குடியேறிப் பெருக அவ்வளவு காலம், சில வேளை அதைவிடக் கூடுதலாக, ஆறு வாரம்கூட ஆகும். புதுத் தொட்டியில் மீன் இறப்பதன் மர்மம் இதுவே. நமது ஹார்லிக்ஸ் பாட்டிலில் செடி இல்லை, நத்தை இல்லை, மணலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. மீன் மட்டுமே இருந்தது.

சென்னைக்கு வந்த தொட்டி

நம் மாநிலத்தின் பங்கு இவ்வரலாற்றில் சிறியதன்று. சென்னையில் மருத்துவப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூல் இன்றும் அறிஞர்கள் புரட்டும் நூல். 1865இல் அவர் விவரித்த கேரள ஆற்று மீன் ஒன்றுக்கு அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயர் சூட்டப்பட்டது. உடலின் நடுவே கறுப்புக் கோடும் அதன் மேல் சிவப்புக் கோடும் ஓடும் இந்த அழகிய மீன், நூற்று முப்பது ஆண்டுகள் யாராலும் கவனிக்கப்படாமல் ஓடைகளில் வாழ்ந்தது. 1990களில் உலக வண்ணமீன் சந்தை அதைக் கண்டுகொண்டது. ஆறுகளிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், மெரீனா கடற்கரையில் 1909ஆம் ஆண்டு மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. உயிருள்ள கடல் மீன்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கண்டு மக்கள் வியந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜப்பானியர் குண்டு வீசக்கூடும் என்ற அச்சத்தால் அது மூடப்பட்டது.

கொசுவை ஒழிக்கவும் தொட்டி மீன்களைத் தேடினார்கள். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டபின், கொசுப் புழுவைத் தின்னும் மீன்களுக்கு மதிப்பு கூடியது. தென் அமெரிக்காவின் கப்பி மீன் 1908இலும், வட அமெரிக்காவின் கம்பூசியா 1928இலும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கப்பி பிறகு வீட்டுத் தொட்டிகளின் செல்லப் பிள்ளையாயிற்று. இன்று சென்னையின் கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் நாடறிந்த மையமாக விளங்குகிறது. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் குஞ்சு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே பல.

நெம்மேலியில் ஒரு தொட்டி

இவ்வளவு வரலாற்றையும் ஒரு மேசைமேல் கொண்டுவந்து வைக்க முடியும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி போதும். அது ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். நீரின் எடையே 55 கிலோ என்பதால் மேசை உறுதியாக இருக்கட்டும். அடியில் இரண்டங்குல உயரத்துக்கு நன்கு கழுவிய ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பும் கிளிஞ்சல் தூளும் நீரைக் கடினமாக்கும்.

செடிகளுக்கு வெளிநாடு போக வேண்டாம். வேலம்பாசியும், வாரிங்டன் நட்ட வாலிஸ்னேரியாவும் நமது குளங்களில் வளர்பவையே. கடலோரக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அதில் பைகார்பனேட் மிகுதி. இவ்விரு செடிகளும் கரைந்த கரியமில வாயு மட்டுமின்றிப் பைகார்பனேட்டையும் கரிச் சத்தாகப் பயன்படுத்த வல்லவை. ஆகவே, நெம்மேலி போன்ற ஊர்க் கிணற்று நீர் இவற்றுக்குக் குறையாகாது. நாளுக்கு எட்டு மணி நேர வெளிச்சம் கிடைத்தால் போதும். நேர் வெயில் பட்டால் பாசி பெருகி நீர் சூடேறும்.

நத்தை நாலைந்து விட்டு, சில வாரம் பொறுக்க வேண்டும். பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் கிடைத்தால் பாக்டீரியாக் குடியேற்றம் விரைவுபடும். பிறகு முதலில் இரண்டு மீன்கள். இரண்டு வாரம் கழித்து மேலும் இரண்டு. காரத்தன்மையுள்ள நீரில் அம்மோனியாவின் கொடுமை அதிகம் என்பதால் இந்த நிதானம் கடலோர ஊர்களில் இன்னும் தேவை. நீரின் பி.எச். 7 ஆக இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் நூற்றில் ஐந்தாறு பங்கு அவ்வடிவம் கொள்ளும். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றுங்கள்.

மீன்களிலும் நம்மூர் இனங்கள் உண்டு. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பிலேயே திரிந்து கொசுப் புழுவைத் தின்னும் சிறு மீன்; மணலைக் கிளறும் அயிரை; கூட்டமாக ஓடும் சிறு கெண்டைகள்; உப்பங்கழியிலும் நன்னீரிலும் வாழும் ஆரஞ்சு நிறத் தட்டை மீன். இந்தத் தட்டை மீனின் வாழ்க்கை வியப்பூட்டுவது. தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டைகளுக்குக் காவல் இருக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். இவ்வளவும் நமது வீட்டுக்கு அருகில் நடக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

தொட்டியைக் கடந்த செடியும் மீனும்

இனி, இவ்வரலாற்றின் கவலைக்குரிய பகுதிக்கு வருவோம். தொட்டிக்குள் அமைந்த சமநிலை தொட்டிக்கு மட்டுமே உரியது. அதிலுள்ளதை வெளியே கொட்டினால் என்ன ஆகும்?

1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வேலம்பாசி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மீன் தொட்டிச் செடியாக அனுப்பப்பட்டது. அங்கே கால்வாயில் போடப்பட்ட அப்பாசி வேர் பிடித்துப் பரவியது. 1960 முதல் அம்மாநிலத்தின் ஆறுகளிலும் ஏரிகளிலும் அது அடைத்துக்கொண்டது; படகு செல்ல வழியில்லை. அதைக் கட்டுப்படுத்த ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டாலர் செலவாகிறது. நமது குளத்தில் மீனுக்குப் புகலிடமாக, பள்ளியில் பாடம் சொல்லும் துணையாக இருக்கும் அதே எளிய செடி! இங்கே அதைத் தின்னும் பூச்சிகளும் மீன்களும் உண்டு. வற்றும் கோடையும் உண்டு. அங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. அழகிய பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்க ஆகாயத்தாமரை நமது ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்பதை யாவரும் அறிவோம். இப்போது அதன் வழியில் வந்திருப்பது ‘சக்கர்’ மீன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் என்று சொல்லி விரல் நீளக் குஞ்சாக விற்கிறார்கள். அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததே. சில ஆண்டுகளில் ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமல் போகிறது. கொல்ல மனமில்லாத வீட்டார் அதை ஏரியில் விடுகிறார்கள். அது காற்றையும் விழுங்கிச் சுவாசிக்க வல்லது. பனையேறிக் கெண்டையைக் காப்பாற்றிய அதே ஆற்றல் வற்றிய ஏரியில் இதையும் காப்பாற்றுகிறது. கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடுகிறது. எலும்புத் தகடு போர்த்திய அதன் உடலும் முட்களும் மீனவர் வலையைக் கிழிக்கின்றன. பிடித்தாலும் வாங்குவார் இல்லை. தமிழ்நாட்டின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் இன்று அது பெருகிவிட்டது. இரக்கத்தால் செய்த செயல் இது என்பதே வருத்தத்துக்குரியது.

ஆகவே, மீன் தொட்டி வைக்க விரும்பும் மாணவர்கள் மூன்று விதிகளை மறக்க வேண்டாம். ஒன்று, வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கேட்காமல் எந்த மீனையும் வாங்காதீர்கள். இரண்டு, வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். குளத்திலும் கால்வாயிலும் கிணற்றிலும் விடாதீர்கள். மூன்று, வெட்டிய செடிகளை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் போடுங்கள். தொட்டி நீரைத் தோட்டத்துச் செடிக்கு ஊற்றுங்கள். அதிலுள்ள நைட்ரேட் அதற்கு நல்ல உரம்.

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை பாட்டிலில் ஒரு கெண்டையோடு வந்து நின்றால், அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அன்று மாலையே அந்தக் கெண்டையைப் பிடித்த குட்டையில் விட்டுவரச் சொல்லுங்கள். மறுநாள் அதே பாட்டிலில் குட்டை மணல் கொஞ்சம், வேலம்பாசிக் கொழுந்து இரண்டு, நத்தை ஒன்று கொண்டுவந்து ஜன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். குமிழிகள் எழுவதையும் நத்தை மேய்வதையும் சில வாரம் அவன் பார்க்கட்டும். மீனுக்கான பெரிய தொட்டியை அதன் பிறகு வாங்கலாம்.